இருட்டின் மேல் போட்ட பழி

தைப்பூசத்தன்று விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பத்து பாகாட்டில் நடுநிசி இருட்டு இருக்கும். 1982 சனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதன் பிறகு இந்தப் பருவத்தில் சூரியன் ஏழேகால் வாக்கில்தான் தலை காட்டுகிறது. காவடி எடுப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். வெயில் ஏறித் தார்ச்சாலை காலைச் சுடுவதற்குள் கோயில் வாசலை மிதித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆகவே படம் எடுக்கிறவனுக்குக் கிடைப்பது தெருவிளக்கு, பந்தலில் கட்டிய டியூப் லைட், யாரோ ஏந்தி வரும் கற்பூரத் தட்டு.

அப்படி ஒரு காலையில் என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த தம்பியின் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. மேளச் சத்தத்தையும் மீறி அந்த மோட்டார் முனகல் என் காதில் விழுந்தது. காவடி கடந்து போன பிறகு திரையைப் பெரிதாக்கிக் காட்டினார். மயிலிறகு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் தெளிவு. அதற்குப் பின்னால் இருந்த முகம் மாவு.

“லைட்டு பத்தலண்ணே. பாடி மாத்தணும்.”

இதே வாக்கியத்தைக் கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், தீமிதித் திடலில் கேட்டிருக்கிறேன், பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டும்போதும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். அதை நம்பி ஒருமுறை கேமராவையும் மாற்றினேன். அதில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ஃபோகஸ் பிடிக்காததற்குக் காரணம் வெளிச்சக் குறைவு என்பது ஒன்று. புதிய கேமரா வந்தால் தீரும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் கூற்றை அளக்க அளவுகோல் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கேமரா நிறுவனங்கள் ஆட்டோஃபோகஸ் எவ்வளவு மங்கிய வெளிச்சம் வரை வேலை செய்யும் என்பதை இ.வி. என்ற அளவில் சொல்கின்றன. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 1, ஒரு விநாடி: இந்த மூன்றும் சேர்ந்து சரியான படம் தரும் வெளிச்சம் பூச்சியம் இ.வி. வெளிச்சம் இரட்டித்தால் ஒன்று கூடும், பாதியானால் ஒன்று குறையும்; இந்த ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். மைனஸ் 3 என்பது ஏறக்குறைய முழுநிலவு வெளிச்சம். வாசகர் தலையில் வைத்துக்கொள்ள ஒரு நிலையான புள்ளி போதும்: ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 2.8, நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடி என்ற கணக்கில் முகம் சரியாகப் பதிவானால் அந்த முகத்தின் மேல் விழுந்த வெளிச்சம் சுமார் 5 இ.வி. ஐ.எஸ்.ஓ.வை இரட்டிக்க வேண்டியிருந்தால் ஒன்றைக் கழியுங்கள். ஷட்டர் வேகத்தைப் பாதியாக்க வேண்டியிருந்தால் இன்னொன்றைக் கழியுங்கள். லென்ஸ் வாயை ஒரு ஸ்டாப் சுருக்க முடிந்தால் ஒன்றைக் கூட்டுங்கள்.

தம்பியின் படத்தில் ஐ.எஸ்.ஓ. 6400, எஃப் 4, நூற்றிருபத்தைந்தில் ஒன்று. ஒன்று கழித்து ஒன்று கூட்டினால் அதே 5. அவருடைய கேமராவின் கையேடு சொல்லும் எல்லை மைனஸ் 3. அதாவது அந்தத் தெருவில், அவர் “பத்தல” என்று சொன்ன அந்த வெளிச்சம், கேமரா தாங்கும் எல்லையைவிட எட்டு ஸ்டாப் அதிகம், 256 மடங்கு. அந்த எல்லையை எஃப் 2 லென்ஸ் மாட்டி அளந்திருக்கிறார்கள், அவர் மாட்டியிருந்ததோ எஃப் 4 என்பதற்காக இரண்டு ஸ்டாப் தள்ளுபடி கொடுத்தாலும் 64 மடங்கு மிச்சம் இருக்கிறது.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. முகம் சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். பின்னால் எரியும் விளக்குக்கு வெளிச்சம் வைத்து முகம் கருத்துப்போயிருந்தால், முகத்தில் விழுந்தது மூன்று நான்கு ஸ்டாப் குறைவாக இருந்திருக்கும். அதையும் கழித்துவிடுங்கள். அப்போதும் பெரும்பாலான படங்கள் எல்லைக்கு மேலேதான் நிற்கும். கல்யாண மண்டபம் என்றால் பேச்சே இல்லை. ஆக வெளிச்சக் குறைவு என்ற குற்றச்சாட்டு முதல் விசாரணையிலேயே ஆட்டம் காண்கிறது.

அப்படியானால் லென்ஸ் ஏன் தேடுகிறது? ஆட்டோஃபோகஸ் எதைப் பார்க்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும். லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் பிம்பத்தையும் வலப்பக்கம் வழியாக வரும் பிம்பத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளப்பதுதான் அதன் வேலை. 1985இல் வந்த மினோல்ட்டா 7000 முதல் இன்று கண்ணாடி இல்லாமல் வரும் மிரர்லெஸ் கேமராக்கள் வரை அடிப்படை இதுதான். ஒப்பிடுவதற்கு ஒரு விளிம்பு வேண்டும்: கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஒரு கோடு, ஒரு மடிப்பு, ஒரு இமை. எண்ணெய் தடவி வாரிய கருந்தலையில், வியர்வையில் பளபளக்கும் கன்னத்தில், அடர்ந்த மெரூன் பட்டில், சலவை வேட்டியின் வெள்ளைப் பரப்பில் எவ்வளவு வெளிச்சம் கொட்டினாலும் ஒப்பிட ஒன்றும் கிடைக்காது. வெளிச்சம் குறையும்போது இரைச்சல் கூடி, இருக்கிற மெல்லிய விளிம்புகளையும் மூழ்கடிக்கிறது என்பது உண்மை. ஆனால் அழுத்தமான விளிம்பு ஒன்று கிடைத்தால் அதே தெருவில், அதே லென்ஸ், ஒரே தாவலில் பிடித்துவிடுகிறது. மயிலிறகைப் பிடித்ததே, அதுதான் சாட்சி.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு நுட்பம் இருக்கிறது. இடம் வலம் என்று பிரித்து ஒப்பிடுவதால், இன்றைய பெரும்பாலான கண்ணாடியில்லாக் கேமராக்களின் சென்சாருக்கு நெடுக்குக் கோடு நன்றாகத் தெரியும். படுக்கைக் கோடு தெரியாது. நம்மவர் நெற்றியை நினைத்துப் பாருங்கள். மூன்று திருநீற்றுப் பட்டையும் படுக்கைக் கோடு. கருநெற்றியில் வெண்பட்டை, இதைவிட அழுத்தமான விளிம்பு எங்கே கிடைக்கும் என்று ஃபோகஸ் புள்ளியை அங்கே வைக்கிறோம்; கேமரா அதைக் காணாமல் தேடுகிறது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் சென்சாருக்கு அதே பட்டை நெடுக்குக் கோடாகிவிடும். கொஞ்சம் சாய்த்தாலே போதும், பல நேரங்களில் பிடித்துக்கொள்ளும். 2022இல் வந்த ஓ.எம்-1, 2024இல் வந்த கேனன் ஆர்1 போன்றவை இரு திசைக் கோடுகளையும் பார்க்கும். மற்றவர்கள் மணிக்கட்டைத் திருப்பினால் காசு மிச்சம்.

இரண்டாம் கூற்றுக்கு வருவோம். புதிய கேமராவின் விளம்பரத்தில் மைனஸ் 6.5 என்று போட்டிருக்கும். பழையது மைனஸ் 3. மூன்றரை ஸ்டாப் முன்னேற்றம் என்று மனம் துள்ளும். இங்கேதான் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். சோனி தன் ஏ7 வரிசையின் மூன்றாம் பதிப்புக்கு 2018இல் மைனஸ் 3 என்று சொன்னபோது எஃப் 2 லென்ஸை வைத்து அளந்தது. கேனன் 2020இல் ஆர்6க்கு மைனஸ் 6.5 என்று சொன்னபோது எஃப் 1.2 லென்ஸை மாட்டியிருந்தது. அந்த இரண்டு லென்ஸ்களுக்கும் இடையில் மட்டும் ஒன்றரை ஸ்டாப். அதைக் கழித்தால் மூன்றரை இரண்டாகிவிடுகிறது. இரண்டு ஸ்டாப் சின்ன விஷயம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆர்6இல் நீங்கள் மாட்டப்போவது எஃப் 1.2 லென்ஸா? மண்டபத்தில் பலர் கழுத்தில் தொங்குவது கேமராவோடு வந்த ஜூம். முழுக்க நீட்டினால் எஃப் 5.6க்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். 1.2இலிருந்து 5.6 வரை ஏறக்குறைய நாலரை ஸ்டாப். மைனஸ் 6.5 என்று வாங்கி வந்த கேமரா தோராயமாக மைனஸ் 2க்கு வந்து நிற்கிறது. பெட்டியில் அச்சிட்ட எண்ணுக்கும் கையில் வரும் எண்ணுக்கும் இவ்வளவு தூரம்.

இந்த எண்களெல்லாம் ஒற்றை ஃபோகஸில், அசையாத பொருளுக்கு, அறை வெப்பத்தில் அளக்கப்படுபவை. அலகு குத்தி ஆடி வருகிறவருக்கு அவை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. இன்னொரு வேடிக்கை: நிக்கான் இசட் 6 விற்பனைக்கு வந்தபோது அதன் எல்லை மைனஸ் 2. 2019இல் மென்பொருளைப் புதுப்பித்ததும் மைனஸ் 3.5 ஆனது. ஓர் ஆணிகூட மாறவில்லை. கடைக்குப் போகுமுன் உங்கள் கேமராவுக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை; அதற்கு ஒரு வெள்ளி செலவில்லை.

லென்ஸை மாற்றினால்? இங்கே என் எடைத்தட்டு நன்றாகவே சாய்கிறது. எஃப் 5.6இலிருந்து எஃப் 1.8க்குப் போனால் மூன்றே கால் ஸ்டாப், அதாவது ஒன்பது பத்து மடங்கு வெளிச்சம். எந்தப் புதிய கேமராவும் அந்த விலைக்கு இவ்வளவு தராது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்தான் பெரும்பாலான நிறுவனங்களின் பட்டியலில் மிக மலிவானவற்றில் ஒன்று. ஆனால் அதற்கும் கூலி உண்டு. வாய் அகல அகலத் தெளிவின் ஆழம் மெலிகிறது. 85 மி.மீ. எஃப் 1.8இல் இரண்டு மீட்டர் தூரத்து முகத்துக்குக் கிடைக்கும் ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் காது போய்விடும். முழுநீளச் சட்டகத்தில் 50 மி.மீ. லென்ஸை மூன்று மீட்டர் தள்ளி வைத்து எடுத்தால் சுமார் நாற்பது சென்டிமீட்டர் கிடைக்கும். காவடிக்கு அதில் மனிதன் நிற்க இடம் இருக்கிறது. ஆகவே மங்கிய வெளிச்சத்துக்கு முதல் லென்ஸ் என்றால் 50, அல்லது 35. பெரிய டெலியை அப்புறம் பார்க்கலாம்.

சில கண்ணாடியில்லாக் கேமராக்கள் படம் எடுக்கும் துவாரத்துக்கே வாயைச் சுருக்கிக்கொண்டு ஃபோகஸ் செய்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஃப் 1.8 வாங்கி மாட்டிவிட்டு, குழுப் படத்துக்கு எஃப் 8 வைத்தால், ஃபோகஸ் செய்யும் நேரத்திலும் சுருங்கிய வாயால் பார்க்கிறது. நிக்கான் இசட் வரிசை எஃப் 5.6க்கு மேல் சுருக்காமல் நிறுத்திக்கொள்ளும். சோனியின் புதிய கேமராக்களில் இதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது. உங்களுடையது எப்படி என்று லென்ஸின் முன்வாயைப் பார்த்துக்கொண்டே பட்டனைப் பாதி அழுத்துங்கள், தெரிந்துவிடும்.

உதவி விளக்கு பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. கண்ணாடி உள்ள பழைய கேமராக்களில் ஃப்ளாஷின் முகப்பிலிருந்து சிவப்புக் கோடுகள் பாயும். வழுவழுப்பான கன்னத்தின் மேலும் செயற்கையாக ஒரு விளிம்பை வரைந்துவிடும். அருமையான யோசனை. கண்ணாடியில்லாக் கேமராக்கள் பெரும்பாலும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பயன்படுத்துவதில்லை. கேமராவின் சொந்தக் குட்டி விளக்கு சில மீட்டருக்கு மேல் எட்டாது, லென்ஸ் ஹூட் மறைத்துவிடும், தொடர் ஃபோகஸில் எரிவதும் இல்லை. ஊதுவத்தி, சாம்பிராணி, கற்பூரப் புகை நடுவே அது புகையைத்தான் வெளுக்க வைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அருள் வந்து நிற்பவர் முகத்தில் விளக்கடிப்பது அழகில்லை. அணைத்துவிடுங்கள் என்பதே என் கட்சி. மண்டபத்தில் மட்டும் விதிவிலக்கு: மேடைக்கு ஓரத்தில் ஒரு சிறிய எல்.இ.டி. பேனலைப் பக்கவாட்டில் வைத்தால் மூக்குக்கு நிழல் விழும், நிழல் விழுந்த இடத்தில் விளிம்பு பிறக்கும், கேமரா நிம்மதியாகும்.

நம் ஊருக்கே உரிய ஒரு கோளாறை யாரும் சந்தேகப்படுவதில்லை. குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வெளியே வருகிறோம். கடற்காற்று அடிக்கும் பத்து பாகாட்டின் இரவுக் காற்றில் ஈரம் அவ்வளவு. குளிர்ந்த கண்ணாடி பட்டதும் பனித்துளியாகப் படிந்துவிடுகிறது. முன்கண்ணாடியில் படிந்தால் துடைத்துவிடுவோம். நொடியில் மறுபடி படியும். பின்கண்ணாடியில் படிந்ததைப் பார்ப்பதே இல்லை. விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம், முகமெல்லாம் பால் தெளித்தாற்போல் மங்கல், லென்ஸ் தேடோ தேடு என்று தேடும். நாம் இருட்டைத் திட்டுகிறோம். கேமராப் பையை மூடியபடியே வெளியே எடுத்து வந்து அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஈரம் வேறொரு வழியிலும் கெடுக்கும்: உலர்பெட்டியில் வைக்காத லென்ஸில் பூஞ்சை. மெல்லிய சிலந்தி வலைபோல் அது படர்ந்த லென்ஸ் பகலில் சமாளிக்கும். இரவில் எதிரே விளக்கு வந்தால் விளிம்பையெல்லாம் கரைத்துவிடும். கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு பெரும்பகுதி ஃபோகஸ் கோளாறே இல்லை. தப்பிய படத்தைப் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைப் பாருங்கள். வேறு ஏதாவது ஒன்று, பின்னால் நிற்பவரின் சட்டைப் பொத்தானாவது, தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. எதுவுமே தெளிவில்லாமல் எல்லா விளக்கும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. சுற்றிலும் தெளிவு, ஆடுகிறவர் மட்டும் கலங்கல் என்றால் ஷட்டர் வேகம் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் மூன்றையும் கொண்டுபோய் ஒரே ஆட்டோஃபோகஸின் தலையில் கட்டுகிறோம்.

தம்பியின் படத்தில் மயிலிறகு தெளிவாக இருந்தது. ஆக அது ஃபோகஸ் தவறுதான். காரணம், அகலப் பரப்பில் தேடும்படி விட்டிருந்தார். அப்படி விட்டால் கேமரா பெரும்பாலும் அருகில் இருப்பதை, விளிம்பு அழுத்தமாக இருப்பதைப் பிடிக்கும். அலகுக் காவடியில் முகத்துக்கு முன்னால் கம்பிகள், மயில்காவடியில் இறகுகள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி அவர் கேமராவில் இருந்தது; மூடிய கண்ணும் திருநீறு அப்பிய முகமுமாக வந்தவரிடம் அது தோற்று, இடையிடையே கூட்டத்தில் கைப்பேசி பிடித்து நின்ற ஒருவர் கண்ணில் போய் உட்கார்ந்தது. ஒற்றைச் சிறு புள்ளியை எடுத்து, தாடிக்கும் கன்னத்துக்கும் இடையிலோ, கழுத்து மாலையின் ஓரத்திலோ வைத்தால் முடிந்தது. தொடர் ஃபோகஸில் பல கேமராக்கள், ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் பட்டனை அழுத்தியதும் படத்தை எடுத்துவிடும்படி அமைக்கப்பட்டே கடையிலிருந்து வருகின்றன. அதையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தீமிதியில் நான் ஆட்டோஃபோகஸை நம்புவதே இல்லை. தணல் செந்நிறம், எதிர்வெளிச்சம், ஓடி வருகிற கால். குழியின் நீளத்துக்கு எதிரே நின்று எடுத்தால் தணலுக்கு மேல் கொதிக்கும் காற்று பிம்பத்தையே நெளிக்கும். எந்தக் கேமராவாலும் அதைத் தெளிவாக்க முடியாது. நான் பக்கவாட்டில், குழி முடிந்து பால்குழி தொடங்கும் விளிம்புக்கு நேரே நின்றுகொள்வேன். பூசாரி இறங்குமுன் அந்த விளிம்பில் கிடக்கும் வேப்பிலைக் கொத்தின் மேல் ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். 35 மி.மீ., எஃப் 2.8, மூன்று மீட்டர் என்றால் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் மீட்டர் வரை எல்லாம் தெளிவு. யார் வந்தாலும் அந்த விளிம்பைத் தாண்டித்தான் பாலில் கால் வைக்க வேண்டும். கேமரா எதையும் தேட வேண்டியதில்லை.

தீர்ப்பு இது. “லைட்டு பத்தல” என்பது நம் மண்டபங்களுக்கும் கோயில் வீதிகளுக்கும் பெரும்பாலும் பொய்க் குற்றச்சாட்டு. “பாடி மாத்தணும்” என்பது பாதி உண்மை: ஓடுகிறவரைத் தொடர்ந்து பிடிப்பதில் புதிய கேமராக்கள் நிச்சயம் மேல். வாரம் மூன்று கல்யாணம் எடுத்துப் பிழைப்பவருக்கு அந்தச் செலவு நியாயம். மற்றவர்களுக்கு வரிசை வேறு: துடைத்த லென்ஸ், ஒற்றைப் புள்ளி, திருப்பிய மணிக்கட்டு, அதற்கப்புறம் ஒரு எஃப் 1.8. கேமரா கடைசி.

தம்பிமார்களே, கடைக்குக் கிளம்புமுன் போன திருவிழாவில் தப்பிய படங்களில் பத்தை எடுத்து, மூன்று எண்களையும் பார்த்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். விடை பூச்சியத்துக்குக் கீழே வந்தால் சொல்லுங்கள், கடைக்கு நானும் கூட வருகிறேன்.